அரைநாள் தொலைவில் ஆன்பொருநை

கல்வியாண்டின் இறுதிப் பருவம் தொடங்கிவிட்டால் எல்லா வகுப்புகளிலும் சுற்றுலாப் பேச்சு எழுந்துவிடும். உதகை, கொடைக்கானல், மூணாறு, மைசூர் என ஊர்ப்பெயர்கள் கரும்பலகையில் ஏறும். வாக்கெடுப்பு நடக்கும். வருவோர் பெயர்ப்பட்டியல் ஒன்று ஆசிரியர் மேசைக்கு வரும். அடுத்த வாரத்திலேயே அப்பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடிபடத் தொடங்கும். அடிபடும் பெயர்களுள் பெரும்பாலானவை மாணவியருடையவை. "இரவு தங்க வேண்டுமா என்று அத்தா கேட்டார்கள் அம்மா, ஆமாம் என்றேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்பதே பெரும்பாலும் அவர்கள் கூறும் காரணம். சிலர் செலவைக் காரணமாகக் கூறுவர். சிலர் காரணம் எதுவும் கூறாமல் தலைகுனிந்து நிற்பர்.

பெற்றோரைக் குறைகூறும் நோக்கத்தோடு இக்கட்டுரையை நான் எழுதவில்லை. பெண்மக்களைத் தொலைதூரம் அனுப்புவதற்கு அஞ்சும் உள்ளம் அன்பினால் அஞ்சுகிறது என்பதை நான் அறிவேன். ஆயினும் அவ்வச்சத்திற்கு இடங்கொடாமலே பார்த்து வரத்தக்க இடங்கள் ஒவ்வோர் ஊரைச் சுற்றிலும் இருக்கின்றன. இரவு தங்க வேண்டியதில்லை. பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. தாயையும் தங்கையையும் உடன் அழைத்துச் செல்லலாம். அவ்விடங்களைக் காண்பதும் கல்வியின் ஒரு பகுதியே என்பதை என் சொந்த ஊரைச் சான்றாக வைத்துக் கூற விழைகிறேன்.

ஊரும் ஆறும்

என் ஊர் மடத்துக்குளம். உடுமலைப்பேட்டைக்கும் பழனிக்கும் ஏறத்தாழ நடுவே, கோவையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. நான் பிறந்து வளர்ந்த காலத்தில் அது கோயம்புத்தூர் மாவட்டத்து உடுமலை வட்டத்தைச் சார்ந்திருந்தது. 2009ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் உருவானபின் இப்போது அது அம்மாவட்டத்தின் தென்கோடி வட்டங்களுள் ஒன்றின் தலைநகராக விளங்குகிறது. ஊரைத் தாண்டிப் பழனிச் சாலையில் சிறிது தூரம் சென்றால் அமராவதி ஆற்றுப் பாலம். தைப்பூசக் காலத்தில் காவடி சுமந்து நடந்து வரும் அடியார்கள் இவ்வாற்றில் நீராடிவிட்டுப் பழனிக்குச் செல்வர். அவ்விரவுகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு தவலை நிறையச் சுக்குத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். வழிநடையாளர்க்கு வழங்குவதற்காக அத்தா அதற்கென்றே தனியாக வெல்லம் எடுத்து வைப்பார்கள்.

இன்று எங்கள் ஊரை அறியாதவர்கள் அதனை ஆலைகளின் ஊராகவே அறிவர். நூற்பாலைகளும் காகித ஆலைகளும் சுற்றிலும் உள்ளன. அருகிலுள்ள கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை அமைந்தது. திருப்பூருக்குச் சரக்கு அனுப்பும் தையற்கூடங்கள் பலவும் இப்பக்கத்தில் பெருகியுள்ளன. விடியற்காலையில் நிறுவனப் பேருந்துகள் தெருமுனைகளில் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு செல்லும். இருட்டியபின் கொண்டுவந்து இறக்கிவிடும். சொந்த ஊரின் பகற்பொழுதை ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே காணும் ஒரு தலைமுறை அங்கு வளர்ந்துவிட்டது. அந்த ஞாயிறும் துணி துவைப்பதிலும் நியாயவிலைக் கடை வரிசையிலும் கழிந்துவிடுகிறது.

வெல்லம் காட்டிய நாடு

என் தந்தையார் வெல்ல வியாபாரி. ஆற்றோர ஊர்களில் கரும்பு ஆலையாடும் தோட்டங்களுக்குச் சென்று வெல்லம் பார்த்து விலைபேசி, நெய்க்காரப்பட்டி மண்டிக்கு அனுப்புவது அவர்தம் தொழில். அவர்களிடம் ஒரு டி.வி.எஸ். 50 வண்டி இருந்தது. பள்ளி விடுமுறை நாட்களில் அவ்வண்டியின் பின்னிருக்கையில் என்னை ஏற்றிக்கொள்வார்கள். கொழுமம், குமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு ஆகிய ஊர்ப்பெயர்களை நான் எந்தப் புவியியல் நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கொப்பரையில் பாகு கொதிக்கும் மணத்தோடு அவை என் நினைவில் பதிந்தன.

கரும்புச்சாறு கொப்பரையில் காயும்போது மேலே அழுக்கு நுரைத்துத் திரண்டு வரும். அதனை அள்ளிக் களைவார்கள். பிழிந்த சக்கையே வெயிலிற் காய்ந்து அடுப்புக்கு எரிபொருளாகும். பாகு பதம் வந்ததை அறிய ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் இட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். அச்சமயத்தில் ஆலைக்காரர் எனக்கென்று ஒரு சிறு உருண்டை இளஞ்சூட்டில் தருவார். அதனைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் அமர்ந்திருப்பேன். அத்தா விலைபேசி முடித்துச் சிப்பங்களை எண்ணிக் குறித்துக்கொண்டு வருவார்கள்.

நான் பருவமெய்திய ஆண்டோடு இப்பயணங்கள் நின்றன. "இனிமே வேண்டாங் கண்ணு" என்று ஒருமுறை மட்டுமே சொன்னார்கள். கடுமை அக்குரலில் இல்லை. வண்டியை எடுக்கும்போது என் பக்கம் திரும்பிப் பாராமல் எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது. அதன்பின் ஆற்றோர ஊர்கள் எனக்குச் செவிவழிச் செய்திகளாயின. ஆனால் படிப்பை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. உறவினர் சிலர் மறுத்துரைத்தபோதும் உடுமலையிலுள்ள மகளிர் கல்லூரியில் என்னைத் தமிழிலக்கிய வகுப்பில் சேர்த்தார்கள். உடுமலைக்குச் செல்லும் பேருந்து ஆற்றைக் கடப்பதில்லை. அது மேற்கு நோக்கிச் செல்லும். ஆகவே மூன்று ஆண்டுகள் நாள்தோறும் ஆற்றுக்கு முதுகைக் காட்டியவாறே நான் கல்விகற்கச் சென்றேன்.

பாட்டிலே வந்த ஆறு

அக்கல்லூரியில் ஒருநாள் புறநானூற்றின் 36ஆம் பாட்டைப் பாடம் கேட்டேன். ஆலத்தூர் கிழார் பாடியது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது அவனை நோக்கிப் புலவர் கூறும் அறிவுரையாக அது அமைந்தது. அப்பாட்டில் ஆன்பொருநை என்னும் ஆறு வருகிறது. அதன் வெண்மணலில் சிலம்பணிந்த இளமகளிர் பொன்னாற் செய்த கழங்குகளைக் கொண்டு விளையாடுகின்றனர். 11ஆம் பாட்டிலும் இக்காட்சிக்கு இணையான ஒன்று உண்டு. பேய்மகள் இளவெயினி என்னும் பெண்பாற் புலவர் பாடியது அது. மகளிர் மணலில் பாவை செய்து, பூக்கொய்து, பொருநையின் குளிர்ந்த நீரிற் பாய்ந்து ஆடுவதை அவர் காட்டுகிறார்.

பாடம் நடத்திய பேராசிரியை இறுதியில் ஒரு செய்தி கூறினார். பொருநை என்னும் பெயர் தாமிரபரணிக்கும் உண்டு. எனினும் கருவூரை அடுத்தோடும் ஆன்பொருநை என்பது இன்றைய அமராவதியே என்பது அறிஞர் பலர் கொள்கை என்றார். வகுப்பில் மற்றவர்கள் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். எனக்கு எழுதக் கை ஓடவில்லை. என் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஓடும் ஆறு அது! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் மணலில் பெண்கள் கழங்காடியிருக்கின்றனர். நானோ அதனைக் கண்டு ஐந்தாறு ஆண்டுகளாயின. பின்னர் எம்.ஃபில். பட்டத்திற்காகச் சங்கப் பாடல்களில் இடம்பெறும் ஆறுகளை ஆராயும் தலைப்பை நான் தெரிவு செய்ததற்குக் காரணம் அந்த ஒரு மணி நேர வகுப்பே ஆகும்.

நூலில் அமராவதியைத் தொடர்ந்து சென்றேன். ஆனைமலைப் பகுதியில் தோன்றும் பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவை கூடி அமராவதியாகின்றன. குதிரையாறு, சண்முகநதி, நங்காஞ்சி, குடகனாறு ஆகியவை வழியில் வந்து சேர்கின்றன. கரூரைக் கடந்து திருமுக்கூடலூரில் அது காவிரியோடு கலக்கிறது. இவ்வாற்றின் மேற்பகுதியிலுள்ள எங்கள் ஊர்கள் கல்வெட்டுகளில் 'கரைவழி நாடு' எனக் குறிக்கப்பெறுகின்றன. கொங்கு மண்டலத்தின் 24 நாடுகளுள் அதுவும் ஒன்று. கரையை ஒட்டிய வழியே ஒரு நாட்டின் பெயராயிற்று! அத்தாவின் வண்டி சென்ற வழியும் அதுவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது ஒரு ஞாயிறன்று அவ்வழியே ஒரு பயணம் ஏற்பாடு செய்தேன். எழுபதைக் கடந்த என் தாயார், உள்ளூரிலேயே மணம்முடித்துக் கொடுக்கப்பட்ட என் தங்கை, தையற்கூடம் ஒன்றில் துணி சரிபார்க்கும் வேலை செய்யும் அவள் மகள், நான் என நால்வர். வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டோம். அத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவின் பிறந்த ஊர் கணியூர். புகுந்த ஊர் மடத்துக்குளம். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலேயே தம் வாழ்நாளைக் கழித்த அவர்கள், அமராவதி அணையை ஒருமுறைகூடக் கண்டதில்லை.

முதலில் அணைக்குச் சென்றோம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1957இல் கட்டி முடிக்கப்பெற்ற அணை இது. 90 அடி வரை நீர் தேக்கலாம். கொள்ளளவு ஏறத்தாழ 4 டி.எம்.சி. மேலே ஏறி நின்றால் ஒருபுறம் ஆனைமலைத் தொடரும் மறுபுறம் பழனிமலைத் தொடரும் தோன்றும். நடுவே நீர்ப்பரப்பு. அம்மா முழங்கால் வலியோடு மெல்ல மெல்லப் படியேறி வந்தார்கள். நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நம்ம கணியூர் வாய்க்காலுக்குத் தண்ணி இங்கிருந்தா வருது?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன். "அந்த வாய்க்கால்லதான் நான் கல்யாணம் ஆகுற வரைக்கும் துணி துவைச்சேன்" என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அம்மா கேட்ட கேள்வி சிறப்புடையது. இப்பகுதியில் இராமகுளம், கல்லாபுரம், குமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு எனப் பழைய ராஜவாய்க்கால்கள் எட்டு உள்ளன. இவை அணைக்கு மிகவும் முற்பட்டவை. ஆற்றின் குறுக்கே சிறு அணைக்கட்டு அமைத்து, நீரைச் சற்றே உயர்த்தி, பக்கவாட்டில் திருப்பி வயலுக்குக் கொண்டு சென்றனர் நம் முன்னோர். இவ்வெட்டு வாய்க்கால்களால் பாசனம் பெறும் நிலம் 7,520 ஏக்கர். கொங்குநாடு என்றால் வறண்ட மேட்டுநிலம் என்று எண்ணுவோர் இவ்வழியே ஒருமுறை வந்து நெல்வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கரும்புத் தோட்டங்களையும் காணவேண்டும்.

அணையை ஒட்டி முதலைப் பண்ணை ஒன்று உள்ளது. நீர்த்தேக்கப் பகுதியிலிருந்து முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் நோக்கில் தொடங்கப்பெற்றது. முதலைகள் வாயைப் பிளந்தபடியே அசையாமல் கிடப்பதைக் கண்டு தங்கை மகள் அஞ்சினாள். உடலின் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளவே அவை அவ்வாறு கிடக்கின்றன என்று கூறியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கள் கம்பெனியில் மின்விசிறி நின்றுவிட்டால் நாங்களும் இப்படித்தான் பெரியம்மா" என்றாள்.

திரும்பும் வழியில் கல்லாபுரம், குமரலிங்கம் வழியாகக் கொழுமம் வந்தோம். பழமையான சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அங்கு உள்ளன. ஆற்றில் வீசிய வலையில் அகப்பட்ட கல்லே அம்மனாக எழுந்தருளியது என்று அவ்வூர் மாரியம்மன் கோயிலைப் பற்றிக் கூறுவர். ஆற்றங்கரை ஊர்களின் கதைகளிலெல்லாம் ஆறு ஏதேனும் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது. சோழமாதேவியை அடுத்துக் கடந்தோம். ஊர்ப்பெயரிலேயே ஒரு சோழ அரசி இன்றும் இருக்கிறாள்.

நண்பகலுக்குப் பின் கடத்தூர் சேர்ந்தோம். ஆற்றங்கரையிலேயே அமைந்துள்ளது அர்ச்சுனேசுவரர் கோயில். பாண்டவருள் ஒருவனான அர்ச்சுனனோடு இணைத்து இப்பெயரை விளக்குவாரும் உளர். ஆனால் அர்ச்சுனம் என்னும் வடசொல்லுக்கு மருதமரம் என்பதும் பொருள். திருவிடைமருதூர், திருப்புடைமருதூர் ஆகிய தலங்களின் பெயர்களும் அம்மரத்தால் அமைந்தவையே. மருதம் ஆற்றங்கரையில் செழிக்கும் மரம். வயலும் வயல்சார்ந்த இடமும் தமிழில் அம்மரத்தின் பெயராலேயே மருதத்திணை எனப்பட்டன. தமிழிலக்கணத்தில் நாம் மனப்பாடம் செய்யும் ஒரு சொல் இங்கே ஒரு மரமாகவும் ஒரு வயலாகவும் ஓர் ஆறாகவும் கண்முன் நிற்கிறது!

இக்கோயிலில் கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. நாங்கள் வெளிப்புறச் சுவரருகே நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் உடையைக் கொண்டே நாங்கள் யாரென அறிந்துகொண்ட முதியவர் ஒருவர், "நிழலா இருக்கு, எழுத்து தெரியாது" என்று சொல்லித் தம் கைவிளக்கைக் கொண்டுவந்து பக்கவாட்டில் பிடித்தார். ஒளி சாய்வாக விழுந்ததும் எழுத்துகள் எழுந்து நின்றன. நான்கைந்து சொற்களை எழுத்துக்கூட்டித் தங்கை மகளுக்குக் காட்டினேன். கல்வெட்டைப் படிக்க ஒருவர் இன்ன சமயத்தவராக இருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தால் போதும். அம்முதியவர்க்கும் அது தெரிந்திருந்தது.

ஆற்றங்கரையில் அமர்ந்து வீட்டிலிருந்து கொண்டு சென்ற சோற்றை உண்டோம். அப்போதுதான் புறநானூற்று மகளிரைப் பற்றி அவளுக்குக் கூறினேன். கழங்கு என்பதைக் கேட்டதும் அம்மாவே கூழாங்கற்களைப் பொறுக்கி ஐந்தாங்கல் ஆடிக் காட்டினார்கள். எழுபது வயதுக் கை ஒரு கல்லைக்கூடத் தவறவிடவில்லை.

ஆறு கீழே சென்றபின்

"இந்த ஆறு இங்கிருந்து எங்கே போகிறது?" என்று தங்கை மகள் கேட்டாள். தாராபுரம் வழியாகக் கரூருக்கு என்றேன். அதனோடு நிறுத்த மனம் வரவில்லை. ஆலத்தூர் கிழார் பாடிய வெண்மணற் பகுதியில், சென்ற நூற்றாண்டின் இறுதியில் துணி வெளுக்கும் பட்டறைகள், சாயப்பட்டறைகள் ஆகியவற்றின் கழிவுநீர் கலந்து ஆறு கெட்டதையும் கூறினேன். நம் மாவட்டத்து நொய்யலுக்கு நேர்ந்தது அதனினும் கொடிது. பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. 2011ஆம் ஆண்டு சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டிய நிலை வந்தது.

அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். "நான் சரிபார்க்கிற துணியின் சாயந்தானா பெரியம்மா?" என்று கேட்டாள். எந்த நிறுவனத்துத் துணி, எந்தப் பட்டறையின் சாயம் என்று நான் அறியேன். அவளுக்கு விடை கூறவும் இயலவில்லை. ஆயினும் அவ்வினா எனக்கு நிறைவளித்தது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான துணிகளைக் கையாளும் அப்பெண்ணுக்கு, அத்துணிக்கும் ஓர் ஆற்றுக்கும் உறவுண்டு என்னும் எண்ணம் அன்று அந்த ஆற்றங்கரையில்தான் தோன்றிற்று. கண்ணாற் காணாத ஆற்றுக்காக எவரும் கவலைப்படுவதில்லை. கண்டவர்க்கே வினா எழும். வினா எழுந்தவர்க்கே பொறுப்பும் வரும்.

மாணவ மாணவியர்க்கு

மாலை மயங்குமுன் வீடு திரும்பிவிட்டோம். அயல்நாடு காணவும் மலைவாழிடம் காணவும் உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால் தவறாது சென்று வாருங்கள். கிடைக்காதவர்கள், சுற்றுலா என்பது நமக்கு எழுதப்படவில்லை என்று சோர்ந்துவிட வேண்டா. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் தொடங்கிற்று. வேலைக்கும் சந்தைக்கும் செல்வதற்கு உதவிய அப்பேருந்து, ஒரு கல்வெட்டைக் காணச் செல்லவும் உதவும். தாயை அழைத்துச் செல்லுங்கள். பல வீடுகளில் மகளைவிடத் தாயே ஊர் காணாதவராக இருப்பார். அணைப்பகுதியிலும் ஆற்றிலும் அறிவிப்புப் பலகைகளை மதித்து நடங்கள்; நீரில் இறங்கும்முன் உள்ளூராரைக் கேளுங்கள்; காட்டுப்பகுதியில் வனத்துறையினர் குறித்த எல்லையைக் கடவாதீர்கள்.

சென்று வந்தபின் மூன்று செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் ஊரைத் தொட்டோடும் ஆற்றுக்கோ குளத்துக்கோ பழைய நூல்களிலும் கல்வெட்டுகளிலும் என்ன பெயர்? அதன் நீர் எங்கிருந்து வருகிறது, யாருடைய வயலுக்குப் போகிறது? உங்கள் தாயும் பாட்டியும் அதன் கரையில் என்ன செய்தார்கள்? முதல் வினாவுக்கு விடை நூலகத்தில் உண்டு. இரண்டாவதற்கு விடை வாய்க்கால் கரையில் உண்டு. மூன்றாவதற்கு விடை உங்கள் வீட்டு அடுக்களையில் உண்டு. அதனை மட்டும் நாளைக்கென்று ஒத்திவைக்காமல் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.